நாற்பத்தேழு மில்லிமீட்டர்

என் கணவரின் அக்கா என்னிடம் வாய்விட்டு உதவி என்று கேட்டது ஒரே ஒரு தடவைதான். நானும் மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மேலேயே கோபம் வருகிறது.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம் அது. புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்கோ டெக்னீஷியனாக இருந்தேன். நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் திரையில் இதயம் துடிப்பது தெரியும். அதன் அறைகளையும் வால்வுகளையும் அளந்து தாளில் எழுதுவது என் வேலை. வேலை பிடித்திருந்தது. வருகிற ஆட்களில் சிலரைத்தான் பிடிக்காது. கழுத்திலிருந்து இடுப்புவரை பவுடர் கொட்டிக்கொண்டு வருகிறவர்கள், "பொண்ணா பையனா?" என்று திரையை எட்டிப் பார்க்கிற உறவுக்காரர்கள். இது அந்த ஸ்கேன் இல்லை என்று சொல்லிச் சொல்லியே என் வாய் வலித்தது.

இதய டாக்டர் சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். முதல் ஆறு மாதம் நான் அளந்ததையெல்லாம் அவரும் ஒரு தடவை அளந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். பிறகு ஒரு நாள், "உன் கை அளந்தா நான் மறுபடி அளக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். எதற்கென்று என் கணவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் பண்ணுவார்.

டாக்டர் முதலில் பார்ப்பது இதயத்தின் இடது மேலறையின் அளவைத்தான். சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு மூட்டுவலிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு, பிற்காலத்தில் அந்த அறையின் வாசல் வால்வு சுருங்கிப் போகும். ரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கும். தேங்கத் தேங்க அறை பெருத்துக்கொண்டே போகும். "சுவரு ரொம்ப இழுபட்டுதுன்னா ஒரு நாளைக்குத் துடிப்பு தாறுமாறா ஆயிடும்மா. தேங்கற ரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி நேரா மூளைக்குப் போனா கை கால் விழுந்துடும். நமக்கு முன்கூட்டியே தெரியற ஒரே அறிகுறி இந்த அளவுதான்" என்பார். நாற்பது மில்லிமீட்டருக்குள் இருந்தால் அவருக்கு நிம்மதி. நாற்பத்தைந்தைத் தாண்டினால் வீட்டு ஆட்களை உட்கார வைத்துப் பேசுவார். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் பெட்டியைக் கட்டிவிடுவார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பிப்பார்.

அந்த அறையை அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது நிரம்பி நிரம்பிக் காலியாகும். நன்றாக நிரம்பி, வால்வு திறக்கப்போகிற அந்தக் கணத்தில் படத்தை நிறுத்தி அளக்க வேண்டும். கொஞ்சம் பிந்தி நிறுத்தினால் அதே அறை மூன்று நான்கு மில்லி சிறியதாகத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தப்பு அது. நான் அந்தத் தப்பைக் கடந்து வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

இனி என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்ப்பதற்காகப் பதினெட்டு வயதில் முதலியார்பேட்டை மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போனவர். தம்பியைப் படிக்கவைத்து எனக்குக் கட்டிவைத்த பிறகுதான் தனக்கு வயது நாற்பது ஆகிவிட்டதைக் கவனித்தார். மாமியார் இல்லாத வீடு என்று சந்தோஷமாக வந்தேன். அந்தக் குறை தெரியாமல் அண்ணி பார்த்துக்கொண்டார். என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுடுதண்ணி நல்லா வெச்சிருக்கற" என்று சொன்னவர் அவர். ஆனால் எனக்கு இரண்டு தடவை கரு கலைந்தபோது, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

மில்லில் ஆள் குறைத்தபோது அவருக்கும் வேலை போனது. பெண்கள் விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்தார். அதே மில்லில் ஃபிட்டராக இருந்த ஒருவர் மூலக்குளத்தில் ரோட்டோரமாக மொபெட், சைக்கிள் ரிப்பேர் கடை போட்டார். அவரை எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். மில்லில் இருந்தபோதே அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆறு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தலை சீவிப் பொட்டு வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாள் இறந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோ திராட்சையோடு வந்தார். என் கணவரைப் பார்த்து, "தம்பி, ஒங்க அக்காவ எனக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அண்ணிக்கு நாற்பத்தாறு. என் கணவர் அழ ஆரம்பித்துவிட்டார். உள்ளே இருந்த அண்ணிக்கு எல்லாம் கேட்டது. எட்டிப் பார்த்து, "காபியா, டீயா?" என்றார். அதுதான் சம்மதம்.

ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கப் போன இடத்தில்தான் கவனித்தேன். ஒரு மாடி ஏறுவதற்குள் அண்ணி மூன்று தடவை நின்றார். நின்ற ஒவ்வொரு தடவையும் சுவரில் மாட்டியிருந்த புடவையைத் தடவிப் பார்க்கிற மாதிரி நடித்தார். எனக்கா தெரியாது? நாளைக்கே ஸ்கேன் சென்டருக்கு வாருங்கள் என்றேன்.

"வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு சொல்லுவாங்க. நல்லெண்ணெ தேச்சித் தல முழுவுனா எல்லாம் சரியாப்பூடும். போவியா" என்றார்.

மூன்று நாள் நச்சரித்துக் கூட்டிவந்தேன். மதியம் இரண்டு மணி, வேறு நோயாளி யாரும் இல்லை. திரையில் வால்வைப் பார்த்தேன். தடித்துப்போய், மீன் வாய் மாதிரி குறுகித் திறந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். "ரெண்டு மாசம் நடக்கவே முடியாம கெடந்தேன். ஏன்?" என்றார். மேலறை நன்றாக நிரம்பிய கணத்தில் படத்தை நிறுத்தி அளந்தேன். நாற்பத்தேழு.

"மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சிக்கினு இருக்கற? இன்னான்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். அவரிடம் எனக்குப் பொய் வராது. வால்வைப் பற்றி, அளவைப் பற்றி, தாறுமாறான துடிப்பு வரக்கூடும் என்பதைப் பற்றி, அது வந்தால் கை கால் விழக்கூடும் என்பதைப் பற்றி, டாக்டர் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுவார் என்பதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அண்ணி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆறு வருசம், பொண்ணு. ஆறு வருசம் அந்த மனுசன் பீ மூத்தரம் எடுத்துருக்காரு. இன்னொரு நோவாளிய அவரு தலையில கட்டணுமா? இது தெரிஞ்சா கல்யாணமே நின்னுபூடும். கொஞ்சம் கொறச்சி எழுது. கல்யாணம் ஆவட்டும். அப்பால நானே வந்து இங்க படுக்கறேன். ஒன்ன நான் எதுவுமே கேட்டதில்ல."

உண்மைதான். அவர் எதையுமே கேட்டதில்லை.

வால்வின் சுருக்கம் நடுத்தரமாக இருந்தது. அதை உள்ளபடி எழுதினேன். அப்புறம் மெஷினில் இருந்த உருட்டுப் பந்தில் கையை வைத்து, படத்தைக் கொஞ்சம் பிந்திய கணத்துக்கு நகர்த்தினேன். வால்வு திறந்தது, அறை சுருங்கியது. மறுபடி அளந்தேன். நாற்பத்துமூன்று. அதை எழுதினேன். மெஷின்தானே நாற்பத்துமூன்று என்று சொன்னது, நான் பந்தைத்தானே உருட்டினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். தாளைப் பார்த்தார். "நாப்பத்துமூணா? பரவால்லியே. ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டார். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் நாத்தனாரா? டீ கீ வாங்கிக் குடுத்தியாம்மா?" என்று கேட்டார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பத்து நாள் கழித்து, அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பெண்மணியை அவருடைய கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்கு முன் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் எக்கோ எடுத்ததே இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது அந்த அம்மாளின் வாயோரம் எச்சில் வடிந்தது. கணவர் தோளில் கிடந்த துண்டின் முனையால் அதைத் துடைத்தார். துடைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி கன்னத்தை லேசாகத் தட்டிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் அவர் கைக்கு அது பழகியிருந்தது. எனக்கு ஃபிட்டரின் கைதான் கண்ணில் தெரிந்தது.

படத்தைச் சரியான கணத்தில் நிறுத்தி அளந்தேன். நாற்பத்தாறு. அண்ணியின் அளவைவிட ஒன்று குறைவு.

அந்தத் தாளை எழுதி முடித்துவிட்டு, வெளியே காத்திருந்த இரண்டு பேரிடம் நாலு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். அண்ணி பெரிய அண்டாவில் சாம்பாருக்கு மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், ஃபிட்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றேன்.

"சொன்னா கல்யாணம் நின்னுபூடும்" என்றார்.

"நிக்கட்டும்!" என்று கத்தினேன். அவரிடம் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. "நோவாளிய அவரு தலையில கட்டக் கூடாதுன்னு சொன்னீங்களே, இப்ப சொல்லி மாத்திர ஆரம்பிக்கலன்னா அதுதான் நடக்கும். திரும்பவும் அவரு எச்சி தொடைக்கணும். ஒங்க எச்சிய. அது ஒங்களுக்குப் பரவால்லியா?"

அண்ணி என்னை முறைத்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடு" என்றார். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் இருந்த மஞ்சள் என் தோளில் ஒட்டிக்கொண்டது.

கடையில் ஃபிட்டர் ஒரு மொபெட்டைக் கழற்றிப் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அண்ணிக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நோயைச் சொன்னேன், அளவைச் சொன்னேன், நான் மாற்றி எழுதியதையும் சொன்னேன். அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எம்மாம்னு சொன்ன?"

"நாப்பத்தேழு மில்லிண்ணே."

அவர் எழுந்துபோய் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த வெர்னியர் காலிப்பரை எடுத்தார். மில்லில் பேரிங், ஷாஃப்ட் எல்லாம் அளந்த கருவி. அதன் இரண்டு தாடைகளையும் விரித்து, கண்ணருகே பிடித்து, திருகை இறுக்கினார்.

"இதானா?"

"ஆமாண்ணே."

"இருக்க வேண்டியது?"

"நாப்பதுக்குள்ள."

நாற்பதுக்கு மூடிக் காட்டினார். மறுபடி நாற்பத்தேழுக்கு விரித்தார். அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் ஒருத்தியின் நெஞ்சே இருக்கிற மாதிரி பார்த்தார்.

"நீ எழுதுனது?"

நாற்பத்துமூன்று என்று சொன்னேன். அந்த அளவுக்கு வைத்து, என் கையில் கொடுத்தார்.

"ஒரு பேரிங் அர மில்லி தேஞ்சா மிஷினே ஆடிப்பூடும்மா. நீ நாலு மில்லிய முழுங்கிட்ட. பாசம் இருக்கட்டும். அத அளவுல காட்டாத."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். நான் அந்தக் காலிப்பரைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் அண்ணி. "ஒங்களுக்கு நான் வேணாங்க. நீங்க பட்டது போதும். தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

ஃபிட்டர் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம பீச்சுல நடக்கறப்ப, லைட்டுக் கம்பத்துக்குக் கம்பம் நின்னு கடலப் பாப்பேனே, எதுக்குன்னு நெனச்ச?"

"கடல்னா ஒங்களுக்கு உசுருன்னு..."

"பொறந்ததுலேந்து பாக்கற கடலு. அதுல இன்னா இருக்குது? ஒனக்கு மூச்சு வாங்குது. நில்லுன்னு சொன்னா நிக்க மாட்ட. அதான் நான் நின்னேன்." காலிப்பரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எம்மாம்னுதான் தெரியாம இருந்துது."

அண்ணி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, மஞ்சள் கையால் முகத்தை மூடிக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களெல்லாம் பார்க்க அழுதார். ஃபிட்டர் பக்கத்தில் நின்று, கையில் கிரீஸ் இருந்ததால் அவரைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு மூவரும் டாக்டர் முன்னால் நின்றோம். நான் செய்ததை நானே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்துவந்து தானே அளந்தார். நாற்பத்தேழு. பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதியதை என்னையே எழுதச் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து நான் அளந்ததையெல்லாம் மறுபடி அளக்க ஆரம்பித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேண்டியதுதான் என்று எனக்கே தெரியும்.

துடிப்பைப் பதிவு செய்யும் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டே அண்ணி ஒரு நாள் முழுக்க விடுதியில் சமைத்தார். பதிவில், அவருக்கே தெரியாமல் துடிப்பு அங்கங்கே கொஞ்ச நேரம் தாறுமாறாக ஓடியிருந்தது. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆவணியில் சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. டாக்டர் வந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு ஃபிட்டர்தான் அண்ணியை மொபெட்டில் கூட்டிக்கொண்டு போவார். அந்த மாத்திரைக்குக் கீரை ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். கீரைக்கட்டை வாங்கிவந்து தராசில் நிறுத்துக் கொடுப்பார். "பொண்டாட்டி கட்டனாரா, கீரக் கட வெச்சாரான்னு தெர்ல" என்று அண்ணி என்னிடம் புலம்புவார். புலம்பும்போது முகம் முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ. எண்ணை நான் தாளில் எழுதிய கையோடு ஃபிட்டர் தன் வீட்டுக்குப் போய்க் காலிப்பரை அந்த அளவுக்கு விரித்துத் திருகை இறுக்கி, சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. நாற்பத்தேழு நாற்பத்தெட்டானது. பிறகு நாற்பத்தொன்பது. அந்த வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் அந்த இடைவெளிக்குத்தான் போகும்.

நாலாவது வருஷம், விடுதிப் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "நெஞ்சுக்குள்ள பல்லி ஓடறாப்பல இருக்குது" என்றாராம். டாக்டர் எந்தத் தாறுமாறான துடிப்புக்குப் பயந்தாரோ அது நிற்காமல் வந்தேவிட்டது. ஆனால் நாலு வருஷமாக மாத்திரை உள்ளே இருந்ததால் கட்டி எதுவும் இல்லை. கையும் காலும் வாயும் அவருடையதாகவே இருந்தன. துடிப்பைச் சரி செய்தார்கள். சில மாதம் கழித்து, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாக பலூனைச் செலுத்திச் சுருங்கிய வால்வை விரித்துவிட்டார்கள்.

அதற்கு ஆறு மாதம் கழித்து அண்ணி மறுபடி என் கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். அறை நன்றாக நிரம்பிய கணத்தில் படத்தை நிறுத்தினேன். வந்த எண்ணை நான் நம்பவில்லை. என் கையை நான் நம்பவில்லை. மூன்று தடவை அளந்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன்.

"நீதான் அளந்துட்டியேம்மா" என்றார்.

"இல்ல டாக்டர். நீங்களும் அளங்க."

அவர் அளந்தார். நாற்பத்தாறு.

ஃபிட்டர் வாசலில் நின்றிருந்தார். காலிப்பரை எண்ணெய்த் துணியோடு சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். எண்ணைச் சொன்னேன். அவர் ஒரு தடவை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். அதன் பிறகுதான் திருகைத் தளர்த்தி, மூன்று மில்லி மூடினார். மறுபடி இறுக்கப் போனார். எத்தனை தடவை முயன்றும் அவர் விரலுக்குத் திருகு பிடிபடவில்லை. நெஞ்சில் ஜெல்லோடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்த அண்ணி, "குடுங்க இப்பிடி" என்று கையை நீட்டி வாங்கி, தானே இறுக்கினார்.